நீரிற் கரைந்த பிராணவாயுவை அளந்தறிதல்

கந்தளாய்க் குளத்து நீர் கந்தளாய், தம்பலகாமம் ஆகிய இடங்களின் வயல்களை நனைத்தபின், எஞ்சியது கழிவு வாய்க்கால்கள் வழியே தம்பலகாமக் குடாவை நாடிச் செல்கின்றது. அக்குடா திருகோணமலைத் துறைமுகத்தோடு தொடர்புடையது. ஆகவே வயலிலிருந்து கழுவுண்டு போகும் பசளை கமக்காரருக்கு நட்டம்; மீனவருக்குங் கேடு. இக்கேட்டை முன்னரே அறியத் துணைபுரிவது, நீரிற் கரைந்துள்ள பிராணவாயுவை, அதாவது ஒட்சிசனை, அளக்கும் பரிசோதனையாகும்.

மீனும் இறாலும் இவ்வாயுவைக் கொண்டே உயிர்வாழ்கின்றன. 25 பாகை சதம வெப்பமுள்ள நன்னீர் லீற்றருக்கு ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 பாகையில் 7.6 மில்லிகிராமே தாங்கும். உவர்நீர் தாங்குவது இதனினுங் குறைவு. பொதுவாக 5 மில்லிகிராமுக்கு மேலிருப்பது நன்று. 2 மில்லிகிராமுக்குக் கீழே செல்லின் பெரும்பாலான மீன்கள் பிழைத்தலரிது.

குறைவதற்குக் காரணம் யாது? வாய்க்காலிற் சேரும் யூரியா முதலிய பசளைகளால் பாசி பெருகும். பாசி பகலிற் பிராணவாயுவை வெளிவிடும். இரவில் அதனையே உட்கொள்ளும். பாசி மடிந்து அழுகும்போது நுண்ணுயிர்களும் அதனைச் செலவழிக்கும். ஆதலால் விடியுமுன் அளவு மிகக் குறைந்தும், பிற்பகலில் உயர்ந்தும் காணப்படும். பிற்பகலில் மட்டும் சோதிப்பவர் ஏமாறுவர். விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்தில் வாய்திறந்து நிற்பது அபாய அறிகுறியாகும்.

பரிசோதிக்கும் முறை

ஹங்கேரி நாட்டு இரசாயன அறிஞர் விங்க்ளர் 1888 ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இன்றும் கையாளப்படுகின்றது.

1. கண்ணாடி மூடியுள்ள போத்தலை நீரினுள் அமிழ்த்தி, காற்றுக் குமிழி புகாது நிரப்பி மூடுக. நீரின் வெப்பத்தையுங் குறித்துக்கொள்க.
2. கரையிலேயே மங்கனீசு சல்பேற்றுக் கரைசலையும், காரங்கலந்த அயடைட்டுக் கரைசலையுஞ் சேர்த்துக் குலுக்குக. படிவு கபில நிறமாயின் பிராணவாயு உண்டு; வெண்மையாகவே இருப்பின் இல்லை.
3. பின்னர் அமிலஞ் சேர்க்கப் படிவு கரைந்து மஞ்சளாகும். மாக்கரைசல் இட நீலமாகும். அந்நீலம் மறையும்வரை தயோசல்பேற்றுக் கரைசலைத் துளித்துளியாக விட்டு, செலவான அளவைக்கொண்டு பிராணவாயுவைக் கணக்கிடுவர்.

காரமும் அமிலமும் உடலைச் சுடுவன. பயிற்சி பெற்றவரே கையாளல் வேண்டும். தற்காலத்தில் மின்னளவு கருவிகளும் உள.

பிராணவாயு குறைந்த நீரால் நெல் வாடுவதில்லை. அது தண்டின் வழியே வேருக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இயல்புடையது. எனவே பயிர் செழித்திருப்பதைக் கொண்டு நீர் நல்லதெனத் துணிதல் தவறு. உப்பு, கிருமிநாசினி, நோய்க்கிருமி ஆகியவற்றையும் இச்சோதனை காட்டாது. அவற்றுக்கு வேறு சோதனைகள் வேண்டும்.

செய்யவேண்டியவை

1. மேற்கட்டுப் பசளை இடுமுன் வயல்நீரைக் குறைத்து, வக்கடையை அடைத்துவிடுக. பசளை இட்டபின் சில நாள்கள் நீரை வெளிவிடாதீர்.
2. யூரியாவை ஒரேமுறையிற் கொட்டாது, பங்கிட்டு இடுக. பெருமழை வருங் குறி தோன்றின் ஒத்திவைக்குக.
3. மரக்கறித் தோட்டக் கழிவுகளையும் எருவையும் வாய்க்காலிற் சேர்க்காது, கூட்டெருவாக்குக. வாய்க்காற் கரையிற் புல்லை விட்டுவைக்குக.
4. ஒரே இடத்தில் விடியற்காலையிலும் பிற்பகலிலும் கண்ட அளவுகளைத் திகதியுடன் எழுதிவைத்து, விடியற்கால அளவு தொடர்ந்து குறையின் விவசாயப் போதனாசிரியருக்கு அறிவிக்குக.

பணங்கொடுத்து வாங்கிய பசளை பயிருக்கே சேர்க, வாய்க்காலைச் சேரவேண்டாம்.