மட்டாஞ்சேரி: ஒன்றாக்கியது யார்?

1947 ஆகஸ்ட் வரை ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் இரண்டு வெவ்வேறு அரசுகளின் கீழ் இருந்தன. ஃபோர்ட் கொச்சி பிரிட்டிஷ் இந்தியா. சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தின் ஒரு துண்டு. அதன் கலெக்டர் கோழிக்கோட்டில், கவர்னர் சென்னையில். அங்கிருந்து காலாற நடந்தால் வந்துவிடும் மட்டாஞ்சேரியோ கொச்சி மகாராஜாவின் சமஸ்தானம். ஒரே காயல், ஒரே மிளகு வியாபாரம், இரண்டு பக்கமும் கொண்டுகொடுத்து வாழ்ந்த குடும்பங்கள். ஆனால் சட்டமும் வரியும் நீதிமன்றமும் வேறு வேறு.

ஆங்கிலேயர் வராமல் இருந்திருந்தால் இந்தியா என்ற நாடே உருவாகியிருக்காது, சிதறிக் கிடந்த இனங்களைச் சேர்த்தவர்கள் அவர்களே என்ற வாதம் பழையது. இன்றும் படித்தவர்கள் வாயில் அது அடிக்கடி வருகிறது. அந்த வாதத்தை உரசிப் பார்க்க மட்டாஞ்சேரி பொருத்தமான இடம். போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என மூன்று ஐரோப்பிய ஆட்சிகளையும் கண்ட ஊர் அது. மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கட்ச்சி, தமிழ், மராத்தி, தக்கினி உருது எனப் பல மொழி பேசுவோர் சில சதுர கிலோமீட்டருக்குள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊரும் அதுதான்.

இந்த மக்கள் அங்கே சேர்ந்தது எந்த ஐரோப்பியர் போட்ட திட்டத்தாலும் அல்ல. 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தைத் தூர்த்து, கொச்சியில் கடலுக்குப் புதுவழி திறந்தது என்பது வரலாற்றில் நிலைத்த செய்தி. துறைமுகம் இடம் மாறியதும் வணிகரும் இடம் மாறினார்கள். 1344-ல் கொச்சங்காடியில் யூதர்கள் வழிபாட்டுத் தலம் எழுப்பியதைச் சொல்லும் கல்வெட்டு மட்டாஞ்சேரியின் பரதேசி சினகாக் என்ற யூதத் தொழுகைக்கூடத்தில் இன்றும் இருக்கிறது. போர்த்துகீசியத் தளபதி கப்ரால் கொச்சிக்கு வந்த 1500-க்கு அது ஒன்றரை நூற்றாண்டு முந்தியது.

பின்னால் வந்தவர்களில் பலர் காலனி ஆட்சியின் அடிக்கு ஓடிவந்தவர்கள். கோவாவில் 1560-ல் மத விசாரணை மன்றம் அமைந்தது. அங்கே வாழ முடியாமல் தெற்கே இறங்கிய கொங்கணிகளில் ஒரு பகுதியினர் கொச்சியில் குடியேறினர். செறளாயியில் உள்ள திருமலை தேவஸ்வம் கோயில் அவர்களுடையது. கொடுங்கல்லூர்ப் பகுதியிலிருந்து வந்த யூதர்களோடு ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூதர்களும் சேர்ந்தனர். கொச்சி அரசர் தம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கு நிலம் கொடுத்தார். 1568-ல் பரதேசி சினகாக் எழுந்தது. அரண்மனை வளாகத்துப் பழையன்னூர் பகவதி கோயிலும் சினகாக்கும் அடுத்தடுத்து நிற்பதை இப்போது போனாலும் பார்க்கலாம். 1662-ல் டச்சுக்காரர் பக்கம் சாய்ந்தார்கள் என்று யூதர்கள்மேல் சினந்து போர்த்துகீசியர் அந்தச் சினகாக்குக்குத் தீ வைத்தார்கள். அடைக்கலம் தந்தவர் உள்ளூர் அரசர், கொளுத்தியவர் காலனி ஆட்சியாளர் என்பதை இந்த வாதத்தில் மறந்துவிடக் கூடாது.

காலனி ஆட்சியாளர் தம் தேவைக்காகக் கூட்டிவந்தவர்களும் உண்டு. டச்சுப் படையினரின் துணிகளை வெளுக்கத் தமிழ் நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தோர் ஃபோர்ட் கொச்சியின் வெளி என்ற பகுதியில் உள்ள டோபி கானாவில் இன்றும் வேலை செய்கிறார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் தனித் தொட்டியும் துவைகல்லும் உண்டு. துவைத்து, கஞ்சி போட்டுப் பிழிந்த துணியைக் காயவைக்கக் கிளிப் எதுவும் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டியிருப்பார்கள்; துணியின் ஓரத்தை அந்தப் புரிக்குள் செருகினால் காயல் காற்றுக்கும் அசையாமல் நிற்கும். அந்த வீடுகளில் தமிழ் பேச்சு இன்னும் இருக்கிறது. டச்சு வணிகக் கம்பெனி தன் சிப்பாய்களின் சட்டைக்காகச் செய்த ஏற்பாட்டிலிருந்து ஒரு சமூகம் பிறந்தது. அதைக் கம்பெனியின் கொடை என்று சொல்வது சரியாகாது. மொழி தெரியாத ஊரில் வேர் பிடித்தது அந்தக் குடும்பங்களின் உழைப்பு.

இனங்களை உண்மையிலேயே ஒன்றாக்க ஐரோப்பியர் செய்த முதல் பெரிய முயற்சியும் இந்த மண்ணில்தான் நடந்தது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் கீழைத் திருச்சபை மரபில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தவர்கள். அவர்களை ரோமின் லத்தீன் முறைக்குள் கொண்டுவர கோவா பேராயர் மெனேசஸ் 1599-ல் உதயம்பேரூரில் மாமன்றம் கூட்டினார். சிரியாக் நூல்கள் எரிக்கப்பட்டன, பழைய வழக்கங்கள் விலக்கப்பட்டன. அரை நூற்றாண்டு உள்ளுக்குள் புகைந்த கோபம் 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் வெடித்தது. சேசு சபையாருக்கு இனிக் கீழ்ப்படிய மாட்டோம் என்று மக்கள் திரண்டு சிலுவையின்முன் சத்தியம் செய்தார்கள். எல்லோர் கையும் எட்டாததால் சிலுவையில் கயிறு கட்டி அதைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. கூனன் குரிசு சத்தியம் என்று பெயர்பெற்ற அந்த நாளுக்குப் பிறகு ஒரே சமூகமாக இருந்தவர்கள் இரண்டானார்கள். பின்னர் மேலும் பல சபைகளாகப் பிரிந்தார்கள். வற்புறுத்திச் சேர்க்கப் போனதன் பலன் பிளவு.

இதன் எதிர்ப்பக்கமாக, பலர் சேர்ந்து செய்த ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். கொச்சியின் டச்சுத் தளபதி வான் ரீடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த நூல் ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ். ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும் அதற்குத் தங்கள் மூலிகை அறிவைக் கொடுத்தார்கள். அட்டைகளிலும் அச்சிலும் வான் ரீடின் பெயர் பெரிதாக நிற்கிறது. அறிவு இந்த மண்ணில் இருந்தது. அச்சும் பணமும் டச்சுக்காரரிடம் இருந்தன.

அதற்காக உள்ளூர் அரசர்களின் கொச்சியைப் பொன்னுலகமாகக் காட்டுவது நேர்மையாகாது. 1791-ல் சக்தன் தம்புரான் என்றழைக்கப்பட்ட கொச்சி அரசர், வரி தொடர்பான பகையில் தேவரேச கிணி உள்ளிட்ட கொங்கணி வணிகர்களைக் கொல்லவைத்தார். திருமலை கோயிலும் சூறையாடப்பட்டது. கொங்கணிகள் மூர்த்தியை எடுத்துக்கொண்டு திருவிதாங்கூருக்கு ஓடினார்கள். அது மட்டாஞ்சேரிக்குத் திரும்பியது 1853-ல். அரசர் கொடுத்த இடம் அரசர் மனம் மாறினால் பறிபோகும் இடம்தான். பரதேசி சினகாக்கின் உள்ளேயும் சமத்துவம் இருக்கவில்லை. அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்களின் வழிவந்த யூதர்கள் பெஞ்சில் உட்காரவும் மறையை வாசிக்கவும் அனுமதிக்கப்படவில்லை. வயலில் உழைத்தவர்களின் நிலை இன்னும் கொடியது. கொச்சியில் அடிமை முறையை ஒழிக்கும் அறிவிப்பு 1854-ல்தான் வந்தது. அதற்குப் பின்னால் பிரிட்டிஷ் ரெசிடென்டின் அழுத்தம் இருந்தது. காலனி ஆட்சியின் கணக்கில் வரவாக எழுத வேண்டியவற்றில் இதுவே முதன்மையானது என்று சொல்லத் தடையில்லை.

ஆனால் பிரிட்டிஷார் நாட்டை ஒன்றாக்கினார்கள் என்பது வேறு கூற்று. 1791 ஒப்பந்தத்தின்படி கொச்சி அவர்களுக்குக் கப்பம் கட்டும் அரசானது. 1795-ல் டச்சுக்காரரிடமிருந்து கோட்டையைப் பிடித்தார்கள். 1814 ஒப்பந்தம் அதை அவர்களுக்கே உறுதி செய்தது. அதற்குப் பிறகு 130 ஆண்டுகளுக்கு மேல் கோட்டை ஒரு நாடாகவும் மட்டாஞ்சேரி வேறு நாடாகவும் இருந்தன. நேரடியாக ஆண்டால் செலவு, அரசர் வழியாக ஆண்டால் வரவு என்பதுதான் காரணம். 1947-ல் அவர்கள் விட்டுப்போனபோது துணைக்கண்டத்தில் 560-க்கு மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்தன. பஞ்சாபையும் வங்காளத்தையும் வகுந்து இரண்டு நாடாக்கியதுதான் அவர்களுடைய கடைசிக் காரியம்.

ரயிலும் துறைமுகமும் தந்தார்களே என்பார்கள். ஷொர்ணூர்–கொச்சி ரயில்பாதை 1902-ல் வந்தது. சமஸ்தானத்தின் சொந்தச் செலவு அது. திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்றுப் பணம் திரட்டினார் ராஜரிஷி ராமவர்மா. துறைமுகத்தின் கதை இன்னும் பாடம் நிறைந்தது. முகத்துவாரத்தில் கிடந்த மணல்திட்டால் பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரமிடும். சரக்கு படகில் போகும். 1920-ல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ அந்தத் திட்டை வெட்டி வழி திறந்தார். தோண்டிய மண்ணைக் கொட்டி வில்லிங்டன் தீவை உருவாக்கினார். 1928 மே 26 அன்று பத்மா என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. பிரிஸ்டோவின் திறமையில் ஐயமில்லை. ஆனால் ஒரே துறைமுகத்துக்குச் சென்னை அரசு, கொச்சி, திருவிதாங்கூர் என மூன்று அரசுகள் செலவையும் சுங்க வருமானத்தையும் பங்குபோட்டுப் பேச வேண்டியிருந்தது. ஒன்றுபடுத்தியதாகச் சொல்லப்படும் ஆட்சி, கைக்கெட்டும் தூரத்தில் மூன்று எல்லைகளைக் காப்பாற்றி வைத்திருந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

மக்களை ஒன்றாக்கிய வேலை வேறிடத்தில் நடந்தது. மேலே சொன்ன ஒதுக்கப்பட்ட யூதர்களில் ஒருவர் ஏ. பி. சேலம். வழக்கறிஞர், கொச்சி சட்டசபை உறுப்பினர், 1929 லாகூர் காங்கிரஸ் மாநாட்டுக்குப் போய்வந்தவர். காந்தியின் சத்தியாகிரக முறையை அவர் தம் சினகாக்குக்குள்ளேயே கொண்டுபோனார். மறுப்பும் புறக்கணிப்புமாக நடந்த அந்தப் போராட்டத்தால் பாகுபாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஒரு குஜராத்தி காட்டிய வழியைக் கொச்சி யூதர் ஒருவர் தம் சமூகத்தின் நோய்க்கு மருந்தாக்கியதே தேசம் உருவான விதம். இஸ்ரேல் பிறந்த பிறகு கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தார்கள். சேலம் கொச்சியிலேயே வாழ்ந்து 1967-ல் காலமானார்.

துறைமுகத்துக் கூலிகளிடமும் அதே ஒற்றுமையைக் காணலாம். அந்நாளில் வேலை கொடுப்பவர்கள் சாப்பா என்ற உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் எறிவார்கள். அடித்துப் பிடித்து எடுத்தவருக்கு மட்டும் அன்றைய வேலை. பசியில் இருப்பவர்களை ஒருவர்மேல் ஒருவர் விழவைக்கும் கொடுமை அது. அதை எதிர்த்து 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் திரண்ட தொழிலாளர்கள்மீது போலீஸ் சுட்டது. சைது, சைதலவி, அந்தோணி என்று இன்றும் நினைவுகூரப்படும் தியாகிகளின் பெயர்களைப் படித்தாலே அந்தக் கூட்டத்தில் யார் யார் தோளோடு தோள் நின்றார்கள் என்பது தெரியும். சுட்டது சுதந்திர இந்தியாவின் போலீஸ் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

எல்லைகள் மறைந்ததும் இந்தக் காலத்தில்தான். 1947 ஏப்ரலில் திருச்சூரில் கூடிய ஐக்கிய கேரள மாநாட்டுக்குக் கொச்சி அரசர் கேரள வர்மாவே வந்து ஆதரவு சொன்னார். ஐக்கிய கேரளத் தம்புரான் என்றே அவருக்குப் பெயர் நிலைத்தது. 1949 ஜூலை 1-ல் திருவிதாங்கூர்–கொச்சி, 1956 நவம்பர் 1-ல் கேரளம். 1967 நவம்பர் 1-ல் ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் மூன்றும் சேர்ந்து ஒரே மாநகராட்சியாயின.

1956 தமிழர்கள் இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைக்க வேண்டிய ஆண்டு. இலங்கையில் கண்டி, கரையோரச் சிங்களப் பகுதி, தமிழர் பகுதி ஆகியவற்றின் தனித்தனி நிர்வாகங்களை 1833-ல் பிரிட்டிஷார் ஒன்றாக்கினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த ஒற்றை அமைப்பு அப்படியே பெரும்பான்மையின் கைக்குப் போனது. 1956 ஜூனில் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் இந்தியா தன் காலனி வரைபடத்தைக் கலைத்து மொழிவழி மாநிலங்களை அமைத்தது. ஒரு நாடு பிரிட்டிஷார் கட்டிய முடிச்சை இறுக்கியது. இன்னொரு நாடு அவிழ்த்துக் கட்டியது. இலங்கையின் போர் ஓய 2009 வரை ஆனது. நைஜீரியாவிலும் 1914-ல் வடக்கையும் தெற்கையும் பிரிட்டிஷ் கவர்னர் லூகார்டு இணைத்ததன் சிக்கல்கள் 1967-ல் பயாஃப்ரா போரில் முற்றின. காலனி இணைப்பு தன்னளவில் ஒரு நன்மை என்றால் இந்த மூன்று நாடுகளிலும் ஒரே பலன் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. இந்தியாவில் கிடைத்த நன்மை, இணைத்தவர்கள் போன பிறகு இங்குள்ளவர்கள் பேசியும் போராடியும் திருத்தி அமைத்ததால் வந்தது.

திருத்தம் இன்னும் முடியவில்லை. மொழிவழி மாநிலம் மலையாளிக்கு வீடு கொடுத்தது. மட்டாஞ்சேரியின் சிறுமொழிகளுக்கு இடம் தானாகக் கிடைத்துவிடவில்லை. கொங்கணி பாஷா பிரசார சபை 1966-ல் கொச்சியில் தொடங்கியது. கொங்கணியைத் தனிமொழியாகச் சாகித்திய அகாதமி 1975-ல் ஏற்றது. 1992-ல், 71-வது திருத்தத்தின் வழியாக, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் அது சேர்ந்தது. குஜராத்தி ரோட்டைச் சுற்றிய வீடுகளில் பேசப்படும் கட்ச்சி அந்த அட்டவணையில் இன்னும் இல்லை.