எம்.சி.பி. மட்டும் உயிரைக் காக்காது

ஷாக் அடித்தால் மெயின் போர்டில் உள்ள எம்.சி.பி. சுவிட்ச் தானாக விழுந்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். விழாது. ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட் இரண்டிலிருந்தும் ஒயரைக் காப்பதுதான் அதன் வேலை. மனித உயிரைப் பறிக்க ஒரு ஆம்பியரில் சிறு பங்கு மின்சாரமே போதும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு கணக்கே இல்லை.

ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்ற இன்னொரு சுவிட்ச். வீட்டுக்குள் போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் ஒத்துப்போகாவிட்டால், நொடிக்கும் குறைவான நேரத்தில் துண்டித்துவிடும். 30 மில்லி ஆம்பியர் ரகத்தையே கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள ‘டெஸ்ட்’ பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் எலக்ட்ரீஷியனை உடனே அழையுங்கள்.

தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று பெரியதை மாட்டாதீர்கள். உள்ளே ஓடுவது அதே மெல்லிய ஒயர்தான். அது சூடேறித் தீப்பிடிக்கும். லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ., 15 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மி.மீ. செம்பு ஒயர் என்பது வழக்கம். ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் இருக்கட்டும்.

எர்த் இழுக்கச் சோம்பி, பிளக் பாயின்ட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் முடிச்சுப் போடுவது கொலைக்குச் சமம். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கிரைண்டர், ஃபிரிட்ஜின் உடம்பு முழுக்க மின்சாரம் ஏறிவிடும்.

சுவிட்சை ஃபேஸில்தான் போட வேண்டும். நியூட்ரலில் போட்டால், ஆஃப் செய்த பிறகும் பல்பு மாற்றுகிறவருக்கு ஷாக் அடிக்கும்.

துணி காயப்போடும் இரும்புக் கம்பியை மின்கம்பத்திலோ சர்வீஸ் ஒயர் வரும் பைப்பிலோ கட்டாதீர்கள். நைலான் கயிறே பாதுகாப்பு.

உங்கள் உரிமை

வயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலமே செய்ய வேண்டும் என்பது விதி. தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம். வேலைக்கு ரசீது வாங்குங்கள். பணம் வாங்கிக்கொண்டு குறையாகச் செய்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். வழிகாட்டுதலுக்கு 1915 என்ற எண்ணை அழையுங்கள்.

தாழத் தொங்கும் கம்பி, சாய்ந்த கம்பம் போன்ற புகார்களுக்கு மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண் 94987 94987. நடவடிக்கை இல்லையென்றால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும் மேலே மின் குறைதீர்ப்பாளர் என்று முறையிட வழி இருக்கிறது.

யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள், பிறகு 108ஐ அழையுங்கள்.

இன்றே உங்கள் வீட்டு மெயின் போர்டைப் பாருங்கள். ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், வீட்டுக்காக நீங்கள் செய்யும் அடுத்த செலவு அதுவாகவே இருக்கட்டும்.