கோயம்பேடு பூட்டிக் கிடந்த 146 நாட்கள்!

கொரோனா காலத்தில் சென்னை பட்ட பாடு

கோயம்பேடு மார்க்கெட் இரவில் தூங்கி யாரும் பார்த்தது இல்லை.

ஊர் தூங்கப் போகும் நேரத்தில்தான் அது கண் விழிக்கும். நடுராத்திரி லாரிகள் வரிசையாக வந்து நிற்கும். ஊட்டி கேரட், ஆந்திரா தக்காளி, நாசிக் வெங்காயம் என்று மூட்டை மூட்டையாக இறங்கும். விடிவதற்குள் பாதி சரக்கு காலி!

1996-ல் கொத்தவால் சாவடியில் இருந்து இடம் மாறி வந்த மார்க்கெட் இது. சுமார் 295 ஏக்கர் பரப்பு. ஆயிரக்கணக்கான கடைகள்.

அப்பேர்ப்பட்ட மார்க்கெட்டுக்கு 2020 மே 5-ந்தேதி பூட்டு விழுந்தது. பூட்டு போட வைத்தது, கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி!

முண்டியடித்த கூட்டம்

2020 மார்ச் மாதமே நாடு முழுவதும் ஊரடங்கு வந்துவிட்டது. ஆனால் வயிற்றுக்கு ஊரடங்கு ஏது? காய்கறி அத்தியாவசியப் பண்டம் என்பதால் கோயம்பேடு மட்டும் நடந்துகொண்டு இருந்தது.

ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னையில் முழு ஊரடங்கு என்று திடீர் அறிவிப்பு வந்தது. அவ்வளவுதான்! 25-ந்தேதி ஜனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கோயம்பேட்டில் கூட்டம் அலை மோதியது. இடைவெளியாவது, ஒன்றாவது! ஒருவர் முதுகில் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

கொஞ்ச நாளில் வியாபாரிகள், மூட்டை தூக்குவோர், லாரி டிரைவர்கள் என்று வரிசையாகக் கொரோனா உறுதி ஆனது.

சொந்த ஊரிலும் தள்ளி வைத்தார்கள்

வேலை போன தொழிலாளர்கள் கிடைத்த லாரியில் ஏறி ஊருக்குப் போனார்கள். கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று அவர்களோடு கிருமியும் சேர்ந்து போனது.

ஊரில் என்ன வரவேற்பு? பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் தனியாகத் தங்க வைத்தார்கள். "அவன் கோயம்பேட்டுக்காரன்" என்றாலே பத்து அடி தள்ளி நின்றார்கள். சென்னைக்குச் சோறு போட மூட்டை சுமந்தவன், பெற்ற தாயைக்கூட தூரத்தில் நின்று பார்க்க வேண்டிய கொடுமை!

திருமழிசையில் தற்காலிகக் கடை

மே 10-ந்தேதி, பூந்தமல்லிக்கு அப்பால் திருமழிசையில் தற்காலிக மார்க்கெட் திறக்கப்பட்டது. சுமார் 200 கடைகள். மொத்த வியாபாரம் மட்டும், சில்லறை கிடையாது. பழக் கடைகள் மாதவரத்துக்குப் போயின.

வெயிலில் காய்கறி வதங்கியது. மழை வந்தபோது சேறும் சகதியும். விற்காத சரக்கு குப்பைக்குப் போனது. பாவம், வியாபாரிகள் கையைப் பிசைந்தார்கள்.

பூக்காரர்கள் கதை இன்னும் மோசம். கோயில்கள் பூட்டிக் கிடந்தன. கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் வரக் கூடாது என்று கட்டுப்பாடு. பூவை யார் வாங்குவார்?

கூடைக்காரியின் கணக்கு

இதில் அதிகம் அடிபட்டவர் யார் தெரியுமா? பிளாட்பாரத்தில் கூறு கட்டி விற்கும் கூடைக்காரிதான்!

விடியற்காலை 3 மணிக்குக் கோயம்பேட்டில் சரக்கு எடுத்து, பஸ்சிலோ மின்சார ரயிலிலோ வந்து கடை போட்டவர் அவர். பஸ்சும் இல்லை, ரயிலும் இல்லை என்றால் திருமழிசைக்கு எப்படிப் போவார்? குட்டி யானை வைத்து சரக்கு எடுத்து வந்தால் வாடகைக்கே லாபம் சரி. தண்டல்காரருக்கு என்ன கட்டுவது? வீட்டு வாடகைக்கு எங்கே போவது?

ரேஷன் கார்டுக்கு அரசு 1,000 ரூபாய் கொடுத்தது. அம்மா உணவகத்தில் இலவசமாகச் சாப்பாடு போட்ட நாட்களும் உண்டு. பசி ஆறியது. கடன் ஆறவில்லை.

இன்னொரு பக்கம், வேலை இழந்த பலர் புதிதாகக் காய்கறி வியாபாரிகள் ஆனார்கள். ஆட்டோவிலும் மீன்பாடி வண்டியிலும் வெங்காயம், தக்காளி தெருத் தெருவாக வந்தது. சவாரி ஏற்றிய ஆட்டோவில் முருங்கைக்காய் சவாரி!

ஆபீஸ்காரர் அவதி

குமாஸ்தாக்கள் பாடும் சுகம் இல்லை. மாநகர பஸ் செப்டம்பர் 1-ந்தேதியும், மெட்ரோ ரயில் 7-ந்தேதியும்தான் மறுபடி ஓடின. மின்சார ரயிலில் அக்டோபர் 5 முதல் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும் இடம். மற்ற பொதுமக்கள் எல்லோரும் ஏற டிசம்பர் 23 ஆகிவிட்டது. அதுவும் நெரிசல் இல்லாத நேரத்தில்தான்!

மாதம் முழுவதும் சீசன் டிக்கெட்டில் ஒப்பேற்றியவர், பைக்குக்குப் பெட்ரோல் போட்டே சம்பளத்தைக் கரைத்தார். பைக் இல்லாதவர் வேலையையே விட்டார்.

பூட்டு திறந்தது

செப்டம்பர் 28-ந்தேதி கோயம்பேட்டில் காய்கறி மொத்தக் கடைகள் திறந்தன. பூட்டி 146 நாள் ஆகியிருந்தது! மறுபடி லாரி வந்தது, மூட்டை இறங்கியது. சின்னக் கடைக்காரர்கள் மட்டும் இன்னும் சில வாரம் காத்திருந்தார்கள்.

கொரோனா அவசர நிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2023-ல். அந்த நாள் எது தெரியுமா? அதே மே 5! கோயம்பேட்டுக்குப் பூட்டு விழுந்து சரியாக மூன்று வருஷம்.

அடுத்த தடவை காய்கறிக் கடையில் ஒரு ரூபாய்க்குப் பேரம் பேசும்போது, அந்தக் கூடைக்காரி அம்மாவின் முகத்தை ஒரு தடவை பாருங்கள். அந்த 146 நாளை அவர் எப்படித் தாண்டினார் என்பது அவருக்குத்தான் தெரியும்!