பருமன் வேறு, பலம் வேறு

கிரிவலப் பாதையில் ஒரு டீக்கடை. எதிர் பெஞ்சில் ஒரு பாட்டி, ஆறு வயதுப் பேரனோடு. "கெண்டைக்காலப் பாருங்க தம்பி, பயில்வான் கணக்கா! ஆனா படியேறத் திணர்றான், அடிக்கடி விழறான்" என்றார்.

பையன் தரையிலிருந்து எழுந்ததைக் கவனித்தேன். கையை ஊன்றி, முழங்காலைப் பிடித்து, பிறகு தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல நிமிர்ந்தான். 1879-இல் கவர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் விவரித்தது இதைத்தான். மரபுவழித் தசைச் சிதைவில், குறிப்பாக டூஷேன் வகையில், காணப்படும் அறிகுறி.

"உங்க டீயைப் பாருங்கம்மா, ஆடை படிஞ்சிருக்கு. கிளாஸை ஆட்டினா கிழிஞ்சிடுதில்ல?"

ஒவ்வொரு தசையிழையையும் அப்படியொரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. இழை சுருங்கும்போதெல்லாம் சவ்வு இழுபடும். அது கிழியாதபடி உள்சட்டத்தோடு சேர்த்துத் தைத்திருக்கும் நூல், டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம். டூஷேன் வகையில் அந்த நூல் அநேகமாக இருப்பதே இல்லை. நடந்தால் கிழிசல், படியிறங்கினால் இன்னும் கிழிசல். அதன் வழியே கால்சியம் புகுந்து இழையை அழிக்கிறது. உள்ளிருக்கும் நொதிகள் ரத்தத்தில் கசிகின்றன.

உடம்பு சும்மா இருப்பதில்லை. இழையோரம் காத்திருக்கும் துணைச் செல்கள் வந்து ஒட்டுப்போடுகின்றன. ஒட்டுக்கு மேல் ஒட்டு எத்தனை நாள் தாங்கும்? சில ஆண்டுகளில் அவையும் சளைக்க, அழிந்த இழைகளின் இடத்தில் கொழுப்பும் தழும்பு நாரும் குடியேறுகின்றன. கெண்டைக்கால் திரண்டு தெரிவது பெரும்பாலும் அதனால்தான். பின்னாளில் உதரவிதானத்துக்கும் இதயத்துக்கும் இதே கதி.

"சொந்தத்துல கட்டுனதால வந்திருக்குமோ?" என்றார் பாட்டி.

டூஷேனுக்கு அது காரணமில்லை. டிஸ்ட்ரோஃபினுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. குறை தாய்வழியே மகனுக்கு வரும். ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தைக்குத் தாயிடமும் இல்லாமல் புதிதாகவே தோன்றும். இடுப்பு, தோள் தசைகளைத் தாக்கும் வேறு சில வகைகளுக்குத்தான் சொந்தத் திருமணம் வாய்ப்பைக் கூட்டும்.

முதல் சோதனை எளிது: ரத்தத்தில் கிரியாட்டின் கைனேஸ் என்ற தசை நொதியின் அளவு. வழக்கமாகச் சில நூறைத் தாண்டாத அளவு, இந்நோயில் பல ஆயிரங்களைத் தொடும். கல்லீரல் சோதனையில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. நொதிகள் தசையிலும் உண்டு. அவை கூடியிருப்பதைப் பார்த்துக் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் காலம் கடத்துபவர்கள் உண்டு. உறுதிசெய்ய மரபணுச் சோதனை இருக்கிறது, கோவையில் எம்.டி.சி.ஆர்.சி. மையம் இதற்காகவே இயங்குகிறது. முழுக் குணம் இன்னும் இல்லை. ஆனால் ஸ்டீராய்டும் இதமான பயிற்சியும் நடக்கும் காலத்தை நீட்டித்துத் தரும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தசைச் சிதைவும் இடம்பெற்றிருக்கிறது. சான்றிதழ் வாங்கிவிட்டால் உதவிகளுக்கு வழியுண்டு.

உங்கள் வீட்டுப் பிள்ளை தொடையில் கையூன்றி எழுந்தால், சோம்பேறி என்று ஓடவிட்டுப் பழக்காதீர்கள். முதலில் ரத்தத்தைச் சோதியுங்கள்.