எக்ஸ்-ரே நிழலும் யானைக்கால் புழுவும்

அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளியின் காசநோய் மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளுள் சிலர் மருத்துவர்களைத் திகைக்க வைத்தனர். எக்ஸ்-ரே படத்தில் நுரையீரலெங்கும் புள்ளிகள் தெரிந்தன. சளியில் காசநோய்க் கிருமி இல்லை. இரத்தத்திலோ ஈசினோபில் என்னும் வெள்ளணுக்கள் மிகுந்திருந்தன. ஃபிரிமொட்-மொல்லரும் பார்ட்டனும் 1940இல் இதனைக் காசநோய் போன்றதொரு நிலையென விவரித்தனர். 1943இல் 81 நோயாளிகளைப் பற்றி எழுதிய வைங்கார்ட்டன், 'வெப்பமண்டல ஈசினோபிலியா' எனப் பெயரிட்டார்.

கொசுவால் பரவும் யானைக்கால் புழுவே இதற்குக் காரணம் என்பது பின்னரே தெளிவாயிற்று. புழு ஈனும் நுண்புழுக்கள் நுரையீரலில் சிக்குகின்றன. சிலருடைய உடல் அவற்றை அளவுகடந்து எதிர்க்கிறது. அதனால்தான் இரவில் எடுக்கும் இரத்தத்திலும் இவர்களிடம் நுண்புழு பெரும்பாலும் அகப்படுவதில்லை. இரவில் மிகும் வறட்டு இருமலும் இளைப்புமே முதன்மையான அறிகுறிகள்.

படத்தில் காணும் புள்ளிகள் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். நுரையீரலின் நடு, கீழ்ப் பகுதிகளில் அவை மிகுதி. பரவிய காசநோயின் தினையளவுப் புள்ளிகளோடு இவற்றை எளிதில் குழப்பிக்கொள்ளலாம். நோயாளிகளுள் ஐந்தில் ஒரு பங்கினருக்கோ அதற்கும் மேற்பட்டோருக்கோ படம் தெளிவாகவே இருப்பதும் உண்டு. ஆகவே, படத்தை மட்டும் நம்புவது தவறு. கன மில்லிமீட்டருக்கு 3,000க்கு மேற்பட்ட ஈசினோபில் அணுக்களைக் காட்டும் எளிய இரத்தப் பரிசோதனை இங்குப் படத்தைவிடப் பெரிதும் உதவுகிறது. அதனைச் செய்யாதுவிட்டால், மூன்று வார மாத்திரையில் தணியக்கூடியவர் மாதக்கணக்கில் காசநோய் மருந்து உண்ண நேரும்.

அம்மாத்திரை டைஎத்தில்கார்பமசின். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் 1940களில் உருவானது அது. உடல் எடையில் கிலோவுக்கு 6 மில்லிகிராம் வீதம் நாள்தோறும் தரப்படுகிறது. சில நாட்களிலேயே இருமல் தணிவது, நோய் இதுவே என்பதற்குச் சான்றாகவும் அமைகிறது.

காலந்தாழ்ந்தால் நிலைமை வேறு. அழற்சி நீடித்த இடங்களில் தழும்புத் திசு படர்கிறது; புள்ளிகளின் இடத்தில் வலை போன்ற கோடுகள் தோன்றுகின்றன; நுரையீரல் விரியும் ஆற்றலை இழக்கிறது. சாதாரணப் படத்தில் புலனாகாத மூச்சுக்குழல் விரிவையும் உள்ளே தேங்கிய காற்றையும் சி.டி. ஸ்கேன் காட்டக்கூடும். தழும்பான பகுதியை எம்மருந்தும் மீட்பதில்லை. வழக்கமான சிகிச்சை முடிந்த பின்னரும் சிலருடைய நுரையீரலில் அழற்சி தொடர்வதை 1990இல் வெளியான ஆய்வொன்று, நுரையீரலைக் கழுவியெடுத்த நீரைச் சோதித்து நிறுவியது. எனவே, இருமல் நின்றவரையும் மீண்டும் வரவழைத்து இரத்தத்தையும் மூச்சுத்திறனையும் அளக்க வேண்டியிருக்கிறது. நோய் திரும்பியிருந்தால் அதே மருந்து மறுபடியும் தரப்படுகிறது.