உங்களுக்குத் தெரியுமா? வேகக் காருக்கு எந்த ஸ்பார்க் பிளக்?

விலை கூடிய பிளக்கை மாட்டினால் கார் பறக்கும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். எஞ்சினை டியூன் செய்கிறவர்களோ விலையைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். அவர்களுடைய முதல் கேள்வி சூட்டைப் பற்றியது.

● ‘ஹாட் பிளக்’, ‘கோல்ட் பிளக்’ என்ற பெயர்களுக்கும் தீப்பொறியின் சூட்டுக்கும் சம்பந்தமே இல்லை. பிளக்கின் முனை தன் சூட்டை எவ்வளவு சீக்கிரம் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதுதான் கணக்கு. உள்ளே இருக்கும் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு இறங்க நேரமாகும், அது ஹாட். மூக்கு குட்டையாக இருந்தால் சட்டென்று ஆறும், அது கோல்ட்.

● பிளக் முனைக்கு ஏற்ற சூடு ஏறக்குறைய 500 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரை. 500-க்குக் கீழே இருந்தால் படிகிற கரி எரியாமல் தங்கிவிடும். மின்சாரம் அதன் வழியே கசியும். எஞ்சின் ‘மிஸ்ஸிங்’ அடிக்கும். 850-ஐத் தாண்டினால் முனையே கொள்ளிக்கட்டைபோலக் கனன்று, பொறி விழுமுன்பே பெட்ரோலைப் பற்றவைக்கத் தொடங்கும். பிஸ்டனில் ஓட்டை விழ அது போதும்.

● பிளக் எவ்வளவு ஹாட், எவ்வளவு கோல்ட் என்று காட்டும் சூட்டு எண்ணில் ஒரு படி மாறினால் முனையின் வெப்பம் சுமார் 70 முதல் 100 டிகிரி வரை மாறும். எஞ்சினில் கூட்டுகிற ஒவ்வொரு 75 முதல் 100 குதிரைத்திறனுக்கும் ஒரு படி கோல்ட் என்பது பிளக் தயாரிக்கும் என்ஜிகே நிறுவனம் சொல்லும் பொதுக் கணக்கு. ஏர் ஃபில்டரும் எக்ஸாஸ்ட்டும் மட்டும் மாற்றிய காருக்குக் கம்பெனி சொன்ன எண்ணே போதும். பெருமைக்காகக் கோல்ட்டான பந்தய பிளக்கை மாட்டிக்கொண்டு நகர நெரிசலில் ஊர்ந்தால் கரிதான் மிஞ்சும்.

● என்ஜிகே, டென்ஸோ பிளக்குகளில் எண் ஏற ஏறக் கோல்ட். பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் ஏற ஏற ஹாட்! என்ஜிகேயின் 6, டென்ஸோவின் 20, பாஷின் 7, சாம்பியனின் 9 ஆகிய நான்கும் ஏறக்குறைய ஒரே சூட்டு நிலையைக் குறிப்பவை. பிராண்ட் மாற்றும்போது எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

● டர்போ வண்டியில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தும்போது எஞ்சின் விக்கினால், காற்று வேகத்தில் பொறி அணைந்துவிட்டதாகச் சொல்வார்கள். உண்மையில் பொறி பிறக்கவே இல்லை. காற்று நெருக்கமாகத் திணிக்கப்படும்போது பிளக்கின் நடு முனைக்கும் எதிரே உள்ள காலுக்கும் இடையிலான அதே இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் தேவை. இக்னிஷன் காயிலால் அதைக் கொடுக்க முடியாவிட்டால், இடைவெளியைக் குறைப்பதுதான் எளிய வழி.

● நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் புகழ்பெற்ற ஆர்பி26 டர்போ எஞ்சினுக்குத் தொழிற்சாலை கொடுத்தது என்ஜிகே 6-ஆம் எண் பிளாட்டினம் பிளக், இடைவெளி 1.1 மி.மீ. டர்போ திணிக்கும் காற்றழுத்தத்தை (பூஸ்ட்) கூட்டுகிறவர்களிடம் செல்வாக்குள்ள மாற்று, 7-ஆம் எண் சாதாரண நிக்கல் பிளக், இடைவெளி 0.8 மி.மீ. எஞ்சினின் பலம் கூடியது, பிளக்கின் விலை குறைந்தது!

● ‘காப்பர் பிளக்’ என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதில் பொறி விழும் முனை தாமிரம் அல்ல, நிக்கல் கலவை. தாமிரம் நடுவில் ஒளிந்திருந்து சூட்டைக் கடத்துகிறது. இன்று இரிடியம் பிளக்குகளிலும் இதே தாமிர நடுப்பகுதி உண்டு.

● இரிடியம் உருகுவது 2,446 டிகிரியில். பிளாட்டினம் 1,768 டிகிரியில். நிக்கல் 1,455 டிகிரியில். இத்தனை உறுதி இருப்பதால் இரிடியம் முனையை 0.4 மி.மீ. அளவுக்கு மெல்லியதாகச் செய்ய முடிகிறது. மெல்லிய முனையிலிருந்து பொறி குறைந்த வோல்ட்டில் தாவும். முனை தேயவும் நாளாகும். இரிடியத்துக்குக் கொடுக்கும் பணம் இவற்றுக்குத்தான், குதிரைத்திறனுக்கு அல்ல.

● மூன்று, நான்கு கால்கள் உள்ள பிளக்கில் ஒரு நேரத்தில் ஒரே பொறிதான். எந்தக் கால் எளிதோ அதற்குத் தாவும். லாபம் ஆயுளில்தான்.

● 6,000 ஆர்பிஎம்மில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 50 முறை பொறி விட வேண்டும். 15,000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 125 முறை.

● மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரில் பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக். 1990-களில் வந்த மாடலில் முதலில் பொறி விடும் பிளக் என்ஜிகே 7-ஆம் எண். அடுத்து விடுவது 9-ஆம் எண். இடம் மாற்றி மாட்டினால் வம்பு. 1991-இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி காரிலோ ரோட்டருக்கு மூன்று வீதம், நான்கு ரோட்டருக்கு 12 பிளக். ஒரே சிலிண்டருக்கு மூன்று பிளக் என்ற ஏற்பாட்டை பஜாஜ் பல்சர் 200என்எஸ் பைக்கில் நம் ஊர்ச் சாலைகளும் பார்த்திருக்கின்றன.

● 2020-இல் வந்த மஸராட்டி எம்சி20 காரின் 3 லிட்டர் வி6 எஞ்சினிலும் 12 பிளக். சிலிண்டருக்கு இரண்டில் ஒன்று சிறிய முன்னறைக்குள் பொறி விடும். அங்கு எழும் தீ, துளைகள் வழியே பீறிட்டுப் பெரிய அறையைப் பற்றவைக்கும். 630 குதிரைத்திறனுக்கு இதுவும் ஒரு காரணம்.

● சாம்பியன், ஏசி என்ற போட்டி பிராண்டுகள் இரண்டுமே ஒரே மனிதரின் பெயரைத் தாங்குபவை. அவர் பிரான்ஸில் பிறந்த ஆல்பர்ட் சாம்பியன். தான் தொடங்கிய முதல் நிறுவனத்தை விட்டு விலகி, 1908-இல் அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் அடுத்த நிறுவனத்தைத் தொடங்கினார். பழைய நிறுவனத்திடம் ‘சாம்பியன்’ இருந்ததால் புதியதற்கு அவருடைய தலைப்பெழுத்துகளே பெயராயின. 1899-இல் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தை வென்றவரும் இவரே.

● வெளிப் பீங்கானில் உள்ள வரிகள் அழகுக்கு அல்ல. மின்சாரம் மேற்பரப்பு வழியாக ஓடிக் குறுக்கே பாய்ந்துவிடாமல் இருக்கப் பாதையை நீளமாக்குகின்றன.

● பிளக்கின் சூட்டில் பெரும்பகுதி இறங்குவது மரை, வாஷர் வழியாகத்தான். தளர்வாக மாட்டினால் சரியான எண் பிளக்கும் அளவுக்கு மீறிக் காயும். அலுமினிய ஹெட்டில் வாஷர் வைத்த 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். மரையில் கிரீஸ் தடவினால் அதே அளவில் கூடுதலாக இறுகி மரை போய்விடும்.

● கழற்றிய பிளக்கே எஞ்சினின் ஜாதகம் சொல்லும். இளம்பழுப்பு நிறம் நல்லது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது பிளக் ரொம்ப கோல்ட். வெளுத்துக் கொப்பளித்திருந்தால் சூடு அதிகம். பீங்கானில் மினுக்கும் அலுமினியத் துகள்கள் தெரிந்தால் பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கும் ‘நாக்கிங்’கில் பிஸ்டன் கரைகிறது. வண்டியை உடனே நிறுத்த வேண்டும்.

● வாங்கும்போது பார்க்க வேண்டிய வரிசை: முதலில் மரையின் அகலமும் நீளமும். நீளம் கூடினால் பிஸ்டன் மோதும். குறைந்தால் காலி மரையில் கரி அடையும். அடுத்து சூட்டு எண். பிறகு இடைவெளி. எந்த உலோகம் என்ற கேள்வி நான்காவதுதான்.