கூட்ட வேண்டிய வேகம், கழிக்க வேண்டிய வேகம்

விண்வெளி அப்படியொன்றும் தொலைவில் இல்லை. கடல் மட்டத்திலிருந்து செங்குத்தாக 100 கி.மீ. மேலே போனால் போதும், கார்மன் கோடு எனப்படும் எல்லை வந்துவிடும். அமெரிக்க விமானப் படை இதையும் குறைத்து, 80 கி.மீ. என்றே கணக்கு வைத்திருக்கிறது. அந்த உயரத்தில் காற்று சட்டென்று தீர்ந்துபோவதில்லை. விமானத்தின் இறக்கையைத் தாங்கும் அடர்த்தி அதற்கு இல்லாமல் போகிறது, அவ்வளவுதான்.

அந்த எல்லையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதும் ராக்கெட்டுக்குப் பெரிய காரியம் அல்ல. 1963 நவம்பர் 21 அன்று கேரளத்தின் தும்பாவிலிருந்து கிளம்பிய நைக்கி-அப்பாச்சி என்ற சிறிய அமெரிக்க ராக்கெட் அதைத் தாண்டிச் சென்று சோடியம் ஆவியைத் தூவியது. ஆனால் இந்தியா தன் சொந்த ராக்கெட்டில் ஒரு செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்த 1980 ஜூலை 18 வரை ஆயிற்று. எஸ்.எல்.வி.-3 அன்று சுமந்து சென்ற ரோகிணியின் எடை வெறும் 35 கிலோ. முந்தைய ஆண்டு நடந்த முதல் முயற்சி கடலில் முடிந்திருந்தது. உயரத்தைத் தொடுவது ஒன்று, அங்கே தங்குவது முற்றிலும் வேறு.

தங்குவதற்கு வேண்டியது வேகம். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. அங்கே ஈர்ப்பு விசை இல்லை என்று படித்தவர்களே நம்புவதுண்டு. உண்மையில் தரையில் உள்ளதில் ஏறத்தாழ 90 விழுக்காடு ஈர்ப்பு அங்கும் உண்டு. நிலையம் இடைவிடாமல் பூமியை நோக்கி விழுந்துகொண்டுதான் இருக்கிறது. விநாடிக்கு 7.7 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் ஓடுவதால், அது விழுகிற அளவுக்குப் பூமியின் பரப்பும் வளைந்து விலகிவிடுகிறது. உள்ளே இருப்பவர்களும் நிலையத்தோடு சேர்ந்தே விழுகிறார்கள்; அதனால்தான் மிதக்கிறார்கள். பூமியின் பிடியிலிருந்தே விடுபட வேண்டுமென்றால் விநாடிக்கு 11.2 கி.மீ. தேவை.

இந்த வேகத்தைச் சேர்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எரிபொருளைத் தூக்கிச் செல்லவும் எரிபொருள் வேண்டும். அதைத் தூக்க இன்னும் கொஞ்சம். ரஷ்யப் பள்ளி ஆசிரியர் கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்ட சமன்பாடு இதைத்தான் சொல்கிறது: வேகம் சீராகக் கூட வேண்டுமென்றால், ராக்கெட்டின் எடை மடங்கு மடங்காகப் பெருக வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் கணக்கிலிருந்து எந்த நாடும் தப்பவில்லை. சந்திரயான்-3-ஐச் சுமந்த எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் எடை சுமார் 640 டன். அதன் உச்சியில் இருந்த விண்கலம் 3.9 டன். நிலவில் இறங்கி உருண்ட பிரக்யான் ரோவர் 26 கிலோ.

இருக்கும் எரிபொருளிலிருந்து கூடுதல் பலனைக் கறக்க வழிகள் உண்டு. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் கிரையோஜெனிக் என்ஜின்கள், மைனஸ் 253 டிகிரி செல்சியஸில் திரவமாக வைக்கப்படும் ஹைட்ரஜனை எரிப்பது அதற்காகத்தான். ஒவ்வொரு கிலோவுக்கும் அது தரும் உந்துதல் மண்ணெண்ணெய் வகை எரிபொருளைவிட அதிகம். இன்னொரு வழி பாதையில் இருக்கிறது. கலம் பூமிக்கு மிக அருகில் வந்து மிக வேகமாக ஓடும் தருணத்தில் என்ஜினை இயக்கினால் கிடைக்கும் ஆற்றல் கூடுதல். சந்திரயான்-3 அப்படித்தான் தன் நீள்வட்டப் பாதையைப் பலமுறை நீட்டி நீட்டி நிலவை எட்டியது. 2023 ஜூலை 14-இல் கிளம்பியது ஆகஸ்ட் 23-இல் தரையிறங்கியது. ஏறத்தாழ 3,000 டன் எடையுள்ள சாட்டர்ன்-5 ராக்கெட்டில் சென்ற அப்போலோ-11 நான்கே நாளில் நிலவில் இறங்கியது. பெரிய ராக்கெட் இல்லாதவர்கள் நாட்களைச் செலவழிக்க வேண்டும்.

பாடுபட்டுச் சேர்த்த வேகத்தைப் போய்ச் சேர்ந்த இடத்தில் கழிப்பது அடுத்த வேலை. விண்வெளித் திட்டங்கள் அதிகம் தோற்கும் கட்டங்களில் இதுவும் ஒன்று. நிலவில் காற்று இல்லை. பாராசூட்டுக்கு அங்கே வேலை இல்லை. விநாடிக்கு 1.7 கி.மீ. வேகத்தில் வரும் கலத்தை என்ஜின் ஒன்றே பிடித்து நிறுத்த வேண்டும். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2-இன் விக்ரம் லேண்டர் இதில்தான் தவறியது. என்ஜின்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்றே அதிக உந்துவிசை தந்தன. அதனால் உண்டான பிழை ஏறிக்கொண்டே போனது. அதைச் சரிசெய்யக் கலம் விரைவாகத் திரும்ப வேண்டியிருந்தது; மென்பொருளோ அந்தத் திருப்பத்துக்கு வரம்பு விதித்திருந்தது. இறங்கக் குறித்திருந்த இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்ற சிறு சதுரம். அடுத்த முறை இஸ்ரோ அந்த இடத்தை 4 கி.மீ.க்கு 2.5 கி.மீ. என்று விரித்தது. ஐந்தாக இருந்த என்ஜின்கள் நான்காயின, எரிபொருள் கூடியது, கால்கள் உறுதியாயின. நிலவின் மண்ணுக்கு நிகராகச் சோதனைகளில் பயன்பட்டது நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி பகுதியின் அனார்த்தொசைட் பாறையைப் பொடித்து உருவாக்கிய மண். வெற்றியைவிடத் தோல்வியிலிருந்தே சந்திரயான்-3 அதிகம் எடுத்துக்கொண்டது என்று சொல்லலாம்.

செவ்வாய் இன்னும் மோசம். பூமியோடு ஒப்பிட்டால் அங்குள்ள காற்றின் அழுத்தம் 1 விழுக்காடுகூட இல்லை. வேகமாக நுழையும் கலத்தைச் சுட்டெரிக்க அந்தக் காற்று போதும், பாராசூட்டைக் கொண்டு நிறுத்தப் போதாது. 2012-இல் கியூரியாசிட்டி ரோவரும் 2021-இல் பெர்சிவரன்ஸ் ரோவரும் வெப்பக் கவசம், பாராசூட், ராக்கெட் என்று மூன்றையும் அடுத்தடுத்துப் பயன்படுத்தி, கடைசியில் வடக்கயிற்றில் தொங்கியபடி இறங்கின. நுழைவதிலிருந்து தரை தொடுவதுவரை ஏழு நிமிடம். செய்தி பூமிக்கு வந்து சேர அதைவிட அதிக நேரம் ஆகும் என்பதால், கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

போய்ச் சேர்ந்த கலத்தை அடுத்து வாட்டுவது வெப்பம். விண்வெளி என்றாலே உறையும் குளிர் என்று நினைப்பது பாதி உண்மைதான். சூட்டைக் கடத்திச் செல்லக் காற்று இல்லாததால், கருவிகளில் உண்டாகும் வெப்பம் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. பிளாஸ்க்கில் காபி ஆறாமல் இருப்பதும் இதே வெற்றிடத்தால்தான். கதிர்வீச்சாக மட்டுமே அதை வெளியேற்ற முடியும். ஆகவே விண்வெளி நிலையம் அம்மோனியாவைக் குழாய்களில் ஓடவிட்டு, பெரிய தகடுகள் வழியாகச் சூட்டை வெளியே விடுகிறது. நிலவில் இறங்கிய சந்திரயான்-3-இன் விக்ரம் லேண்டர், வெப்பமானி பொருத்திய ஊசி ஒன்றை மண்ணுக்குள் செலுத்தியபோது மேற்பரப்பில் 50 டிகிரிக்கு மேல் இருந்தது, 8 செ.மீ. ஆழத்தில் மைனஸ் 10. இரண்டு வார நிலவுப் பகல் முடிந்து இரவு வந்ததும் வெப்பநிலை மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே இறங்கியது. சூரிய மின்தகடுகளை நம்பியிருந்த விக்ரமும் பிரக்யானும் அதன்பின் எழவில்லை.

மனித உடல் இவற்றுக்காக உருவானதல்ல. எடையில்லாத நிலையில் எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை தேய்கிறது. நாளுக்கு இரண்டு மணி நேர உடற்பயிற்சி தேய்மானத்தைக் குறைக்கிறது, முழுவதும் நிறுத்துவதில்லை. பூமியின் காந்தப்புலத்தை விட்டு வெளியே போனால் கதிர்வீச்சின் தொல்லை வேறு.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தொலைவு. 1977 செப்டம்பர் 5-இல் கிளம்பிய வாயேஜர்-1 விண்கலம், 2023 நவம்பரில் பொருளற்ற தகவல்களை அனுப்பத் தொடங்கியது. தகவல்களைத் தொகுக்கும் கணினியின் நினைவகச் சில்லு ஒன்று பழுதாகியிருந்தது. ஆளை அனுப்பி மாற்ற வழியில்லை. அந்தச் சில்லில் இருந்த நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து, நினைவகத்தின் வேறு இடங்களில் பொருத்தப் பொறியாளர்கள் முடிவு செய்தார்கள். 2024 ஏப்ரல் 18-இல் அனுப்பிய கட்டளை போய்ச் சேர 22 மணி நேரத்துக்கு மேல், பதில் வர மறுபடியும் அவ்வளவு. ஏப்ரல் 20-இல் கலம் நலமாக இருப்பது தெரிந்தது.

விநாடிக்கு 17 கி.மீ. என்ற வாயேஜரின் வேகத்தில் மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியை அடைய 70,000 ஆண்டுகளுக்கு மேலாகும். வேகத்தைக் கூட்டினால், அங்கே நிற்பதற்குச் சுமக்க வேண்டிய எரிபொருளும் கூடும். சூரியக் குடும்பத்துக்குள்ளேயே இந்தக் கணக்கு இடிக்கிறது: ஒன்பதரை ஆண்டு ஓடி 2015-இல் புளூட்டோவை அடைந்த நியூ ஹொரைசன்ஸ் நிற்காமல் கடந்து போனது. யுரேனஸையும் நெப்டியூனையும் அருகில் கண்ட ஒரே கலமான வாயேஜர்-2, 1986-இலும் 1989-இலும் அவற்றைக் கடந்துதான் சென்றது. அந்த இரண்டு கோள்களையும் சுற்றிவரும் கலம் எதுவும் இதுவரை அனுப்பப்படவில்லை.